வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டமும் வீட்டு வருமானமும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்துக்கு வடக்கே ஆலன் என்று ஒரு ஊர். 2012-ல் அங்கே 18,000 பேர் உட்காரக்கூடிய கால்பந்து மைதானம் ஒன்றைத் திறந்தார்கள். செலவு 6 கோடி டாலர். அது எந்தத் தொழில்முறை அணிக்கும் உரியது இல்லை. ஊரில் இருக்கிற ஒரே அரசு ஹைஸ்கூலின் பையன்கள் ஆடுவதற்காகக் கட்டியது. 2009-ல் ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு 11.9 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட அனுமதித்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி மைதானமாக எழுந்தது. கடனை அடைப்பது அதே ஊர்க்காரர்களின் வீட்டு வரி. மைதானம் திறந்த வருடமே மாநிலக் கோப்பை ஆலனுக்கு. அடுத்த வருடமும் அவர்களுக்கே.

பணம் இருக்கிற ஊர் ஜெயிக்கிறது, இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, 2014-ல் நடந்ததைப் படிக்கும்வரை. அந்த வருடம் பிப்ரவரியில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மைதானத்தையே மூடிவிட்டார்கள். பருவம் முழுக்க ஆலன் பையன்கள் வெளி மைதானங்களில் ஆடினார்கள். ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மூன்றாவது வருடமாகக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆக, 6 கோடி டாலர் மைதானம் பூட்டிக் கிடந்தபோதும் வெற்றி வந்தது. அப்படியானால் பணம் எந்த வாசல் வழியாக ஆட்டத்துக்குள் நுழைகிறது? ‘குடும்ப வருமானத்துக்கும் ஹைஸ்கூல் கால்பந்து வெற்றிக்கும் தொடர்பு உண்டா’ என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து பிடித்தால் சுலபமாகப் புரியும். கூடவே, புள்ளியியலில் ‘ஒட்டுறவு’ என்று பதினோராம் வகுப்பில் படித்து மறந்த சங்கதியும் புரிந்துவிடும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நான் கால்பந்து என்று எழுதுவது மெஸ்ஸி ஆடும் ஆட்டத்தை இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடி, மோதி, எறிந்து ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து. அமெரிக்கா முழுக்க ஏறத்தாழ 10 லட்சம் பள்ளி மாணவர்கள் இதை ஆடுகிறார்கள். ஆட்டம் வெள்ளிக்கிழமை இரவில். பல ஊர்களில் அன்று கடைவீதி வெறிச்சோடும். பள்ளியின் பேண்டு வாத்தியம் தெருக்கோடி வரை கேட்கும். நம்மூர்த் திருவிழாவை மனத்தில் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இனி அளவுகளுக்கு வருவோம். தொடர்பு உண்டா என்று கேட்டால் இரண்டு பக்கத்தையும் எண்ணாக்க வேண்டும். வருமானத்துக்குப் பெரும்பாலும் எடுப்பது ‘இடைநிலை’ வருமானம். சராசரியை எடுப்பதில்லை. காரணம் எளிது. ஒரு தெருவில் ஒன்பது வீடுகள். எட்டு வீடுகளில் ஆண்டு வருமானம் 60,000 டாலர். ஒன்பதாவது வீட்டுக்காரர் கம்பெனி வைத்திருக்கிறார், அவருக்கு 30 லட்சம் டாலர். கூட்டி வகுத்தால் தெருவின் சராசரி 3,80,000 டாலரைத் தாண்டிவிடும். ஒருவரால் எல்லாரும் பணக்காரர் ஆகிவிடுவார்கள். ஒன்பது பேரையும் வருமான வரிசையில் நிற்கவைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால் 60,000 என்பார். அதுதான் இடைநிலை. 2023-ல் அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 80,610 டாலர். ஆலனில் இது ஒரு லட்சத்துக்கு மேல். அதே டாலஸ் வட்டாரத்தில் இருக்கும் சவுத்லேக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேல். சவுத்லேக்கின் கேரல் பள்ளி 2004, 2005, 2006 என்று வரிசையாக மூன்று வருடம் மாநில சாம்பியன்.

ஆனால் இது ஊரின் வருமானம், பள்ளியின் வருமானம் இல்லை. பள்ளிக்குள் யார் வீட்டில் என்ன வருகிறது என்று எவரும் கேட்டு எழுதி வைப்பதில்லை. அதனால் ஆய்வு செய்கிறவர்கள் சாப்பாட்டுக் கணக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் 1946 முதல் தேசிய மதிய உணவுத் திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வருமானம் அரசு வகுத்த வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் சாப்பாடு இலவசம். 185 சதவீதத்துக்குள் இருந்தால் சலுகை விலை. ஒரு பள்ளியில் எத்தனை சதவீதம் பேர் இந்த வரிசையில் வருகிறார்கள் என்பதே அந்தப் பள்ளியின் வறுமைக்கு அடையாள எண். சத்துணவுப் பதிவேட்டை வைத்து ஒரு பள்ளியின் நிலைமையைக் கணிக்கிற மாதிரிதான்.

வெற்றியை அளப்பதும் அப்படியொன்றும் நேரடியானது இல்லை. எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று எண்ணலாம். ஆனால் பலவீனமான அணிகளோடு மட்டும் மோதினால் யாரும் ஜெயிக்கலாம். கோப்பைகளை எண்ணலாம், அது ஒரு பிரிவில் ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும், மீதிப் பள்ளிகளெல்லாம் பூஜ்யமாகிவிடும். பத்து வருட ஆட்டங்களில் வெற்றி விகிதத்தை எடுப்பது ஓரளவு நியாயமானது.

இப்போது ஒரு வரைபடத் தாளை மனத்தில் விரியுங்கள். கிடைக்கோட்டில் வருமானம், செங்குத்துக் கோட்டில் வெற்றி விகிதம். ஒரு பள்ளிக்கு ஒரு புள்ளி. நூறு பள்ளிகளுக்கு நூறு புள்ளிகள் வைத்தால் ஒரு கூட்டம் தெரியும். அந்தக் கூட்டம் இடப்பக்கம் கீழேயிருந்து வலப்பக்கம் மேலே சாய்ந்து போனால் நேர் ஒட்டுறவு. மேலேயிருந்து கீழே வந்தால் எதிர் ஒட்டுறவு. கொட்டிவிட்ட மிளகு மாதிரி எங்கும் சிதறிக் கிடந்தால் ஒட்டுறவே இல்லை. இதை −1 முதல் +1 வரை ஓர் எண்ணால் சொல்வார்கள். அதற்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். உதாரணத்துக்கு, நம் நூறு புள்ளிகளின் கெழு 0.4 என்று வைத்துக்கொள்வோம். அதை அதாலேயே பெருக்கினால் 0.16. அதாவது பள்ளிக்குப் பள்ளி வெற்றியில் தெரிகிற ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத்தான் வருமானத்தோடு சேர்த்துப் பேச முடியும். மீதி ஐந்து பங்கு வேறு எங்கோ இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 0.4 இருந்தால் ‘பணக்காரப் பள்ளி ஜெயிக்கும்’ என்பார்கள். உயரமானவர்களுக்கு எடை கூடுதல் என்பது ஊரளவில் உண்மை. உங்கள் எதிர்வீட்டு ஆறடி ஒல்லிப்பிச்சானைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கூட்டத்தின் சாய்வு வேறு, ஒரு புள்ளியின் விதி வேறு.

சரி, சாய்வு ஏன் வருகிறது? பணம் களத்தில் இறங்கிப் பந்தைப் பிடிப்பதில்லை. அது முதலில் வேறு ஏதாவதாக மாற வேண்டும். என் பார்வையில் அது மாறும் முக்கியமான உருவம் ‘ஆள் எண்ணிக்கை’. அமெரிக்கக் கால்பந்தில் தாக்குவதற்குப் பதினொரு பேர், தடுப்பதற்கு வேறு பதினொரு பேர், உதைப்பதற்குத் தனி ஆள். அடிபட்டால் மாற்று ஆள் வேண்டும். நாற்பது ஐம்பது உருப்படியான பையன்கள் இருந்தால்தான் அணி முழுமை. கூடைப்பந்தில் ஒரு அசகாய சூரன் இருந்தால் பள்ளியே மேலே போகும். இங்கே அது நடக்காது. ஆள் குறைந்த பள்ளியில் ஒரே பையன் தாக்குதலுக்கும் ஓடுவான், தடுப்புக்கும் நிற்பான். டெக்சஸில் செப்டம்பர் வெயில் ராத்திரியிலும் இறங்காது. முதல் பாதி வரை அவன் எதிரணிக்குச் சமமாக நிற்பான். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவான். எதிரே நிற்கிறவன் அப்போதுதான் பெஞ்சிலிருந்து எழுந்து வந்திருப்பான். ஸ்கோர் போர்டில் பத்து நிமிஷத்தில் மூன்று டச்டவுன் (நம் கால்பந்தின் கோல் மாதிரி) ஏறுவது அப்போதுதான்.

அந்தப் பெஞ்சை நிரப்புவது என்ன? சாயந்திர நேரம். பள்ளி விட்டதும் பயிற்சிக்குப் போகவேண்டும், கோடை விடுமுறையில் காலை ஆறு மணிக்கு எடை தூக்கும் அறைக்கு வரவேண்டும். பர்கர் கடையில் கல்லாவில் நிற்கவேண்டிய பையனுக்கும், அம்மா இரண்டாவது ஷிஃப்டு முடிந்து வரும்வரை தங்கையைப் பார்த்துக்கொள்கிறவனுக்கும் அந்த நேரம் கிடையாது. காலை ஆறு மணிக்குக் கொண்டுவிட வீட்டில் ஒரு கார் வேண்டும். நூறு கிலோ பையன் இன்னும் பத்து கிலோ ஏற்ற என்ன சாப்பிடவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மளிகை பில்லே ஒரு வருமான அளவுகோல்தான். நல்ல தலைக்கவசம் ஒன்றின் விலை பல நூறு டாலர். பந்தெறிகிற பையனுக்கு வாரம் ஒருமுறை தனி டியூஷன் உண்டு, நம்மூரில் பிசிக்ஸுக்கு அனுப்புகிற மாதிரி.

இன்னொரு வாசல் மார்க். டெக்சஸ் 1984-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆட முடியாது. பாஸ் இல்லையேல் ஆட்டம் இல்லை. சட்டம் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் நட்சத்திர ஆட்டக்காரன் கணக்கில் 66 வாங்கினால், ஒரு வீட்டில் மறுநாளே ட்யூட்டர் வருவார். இன்னொரு வீட்டில் பையன் சில வாரம் பார்வையாளர் வரிசையில் உட்காருவான். வருமானம் நேரடியாகக் களத்தைத் தொடாமல் கணக்குப் பரீட்சை வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிற அழகு இது.

பயிற்சியாளரும் இருக்கிறார். டெக்சஸின் பெரிய பள்ளிகளில் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்குவது சாதாரணம். அமெரிக்கப் பள்ளிகளின் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி உள்ளூரிலிருந்து, முக்கியமாகச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை ஏறின ஊரில் பள்ளியும் கொழிக்கும். இது அநியாயம் என்று டெக்சஸின் சான் அன்டோனியோ நகரத்து ஏழைப் பகுதிப் பெற்றோர் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1973-ல் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போயிற்று. பிறகு டெக்சஸ் 1993-ல் பணக்காரப் பள்ளி மாவட்டங்களின் உபரி வரியை எடுத்து ஏழை மாவட்டங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ராபின் ஹுட் திட்டம். அது வகுப்பறைக் காசைத்தான் ஓரளவு சமப்படுத்தும். பெற்றோர் சங்கம் நாச்சோஸ் விற்றும், விளம்பரப் பலகை விற்றும் அணிக்குத் திரட்டுகிற காசை எந்த ராபின் ஹுட்டும் தொடுவதில்லை.

இதுவரை படித்ததும் ‘சரி, வருமானம்தான் காரணம்’ என்று முடிவு கட்டினால் ஆலனே குறுக்கே நிற்கும். ஆலனுக்குப் பக்கத்தில் ஃப்ரிஸ்கோ. நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் ஊர். வசதிக்குக் குறைவே இல்லை. டாலஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் தலைமையகமே அங்கேதான். அவர்களுடைய 12,000 இருக்கை உள்ளரங்க மைதானத்தில் ஃப்ரிஸ்கோ பள்ளிகளும் ஆடுகின்றன. ஆனாலும் ஆலன் மாதிரி ஒரு ஆதிக்கம் ஃப்ரிஸ்கோவின் எந்தப் பள்ளிக்கும் வாய்க்கவில்லை. ஏன்? ஆலன் ஊர் முழுவதற்கும் ஒரே ஹைஸ்கூல். ஊரின் எல்லாப் பையன்களிலிருந்தும் ஓர் அணி. ஃப்ரிஸ்கோ பள்ளிகளைச் சிறியதாக வைத்திருக்கவேண்டும் என்று முடிவெடுத்து, பன்னிரண்டு ஹைஸ்கூல்களாகப் பிரித்துக்கொண்டது. வருமானம் அதே ரகம். வித்தியாசம் மாணவர் எண்ணிக்கையில். வருமானத்துக்கும் வெற்றிக்கும் நடுவில் இப்படி ஒரு மூன்றாம் ஆள் நிற்கிறானா என்று பார்க்காமல் ‘காரணம்’ என்ற சொல்லை எடுக்கக் கூடாது. பணக்காரப் புறநகர்ப் பள்ளிகள் பெரும்பாலும் பெரிய பள்ளிகளாகவும் இருப்பதால், பணத்துக்குப் போகிற பெயரில் பாதி எண்ணிக்கைக்குப் போகவேண்டியது.

ஃப்ரிஸ்கோ இன்னொன்றையும் காட்டுகிறது. அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் குடிவந்தால், கணவன் மனைவி இருவரின் ஐ.டி. சம்பளமும் அந்த ஊரின் வருமானக் கணக்கில் ஏறும். பையன் கால்பந்தா ஆடப்போகிறான்? டென்னிஸ், ரோபோட்டிக்ஸ், மிஞ்சினால் பேண்டு வாத்தியம். ‘அங்கே போய் முட்டிக்கொண்டு மண்டையை உடைச்சுக்காதேடா’ என்று அம்மா முதல் நாளே சொல்லிவிடுவாள். இந்த ஆட்டத்தில் தலை மோதி ஏற்படும் மூளை அதிர்ச்சி பற்றிய செய்திகள் வந்தபின் வசதியான அமெரிக்கக் குடும்பங்களிலும் இந்தக் குரல் கேட்கிறது. ஊரின் இடைநிலை வருமானம் ஏறுகிறது, களத்தில் இறங்குகிறவர்கள் அந்த வருமானக்காரர்களின் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஊருக்குப் பொருந்தும் எண்ணை ஆளுக்குப் பொருத்துகிற தவறு புள்ளியியலில் பழைய தவறு.

இனி எதிர்ப்பக்கம். ஃப்ளோரிடாவில் ஒக்கீச்சோபி ஏரியின் கரையில் பெல் கிளேட், பஹோக்கி என்று இரண்டு சின்ன ஊர்கள். சுற்றிலும் கரும்பு. மண் கருப்பாக, மெத்தென்று இருக்கும். அந்த மண்ணை ‘மக்’ என்பார்கள், ஊருக்கே மக் சிட்டி என்று பெயர் உண்டு. கடுமையான வறுமை. அறுவடைக்கு முன்னால் கரும்புச் சோகைக்குத் தீ வைப்பார்கள். புகைக்குள்ளிருந்து முயல்கள் சிதறி ஓடும். பையன்கள் அவற்றைக் கையால் துரத்திப் பிடிப்பார்கள். அந்த ஓட்டத்தில்தான் வேகம் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். காரணம் எதுவோ, வேகம் மெய். பஹோக்கி பள்ளி 2006, 2007, 2008 மூன்று வருடமும் மாநில சாம்பியன். 2009 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில், அதாவது தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தில், ஒரு பக்கம் பெல் கிளேட் பள்ளியில் படித்த சான்டோனியோ ஹோம்ஸ், மறுபக்கம் பஹோக்கியில் படித்த ஆன்குவன் போல்டின். கடைசி நிமிஷத்தில் மைதானத்தின் மூலையில் கால்விரல் நுனியில் நின்று பந்தைப் பிடித்து ஆட்டத்தை முடித்தவர் ஹோம்ஸ்.

பென்சில்வேனியாவில் அலிக்விப்பா. எஃகு ஆலை ஊர். 1940-ல் 27,000 பேர் இருந்தார்கள். 1980-களில் ஆலை படுத்தது, இப்போது 9,000 சொச்சம். மைக் டிட்கா, டை லா, டரெல் ரீவிஸ் என்று தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற மூன்று பேர் இந்த ஒரே பள்ளியிலிருந்து போனவர்கள்.

இந்த ஊர்களைக் காட்டி ‘பார், பணமெல்லாம் ஒன்றுமே இல்லை’ என்பவர்கள் உண்டு. ஆனால் ஏழை ஊர்ப் பள்ளிகளில் எத்தனையோ இரண்டு ஆட்டம் ஜெயித்து எட்டு ஆட்டம் தோற்று சத்தமில்லாமல் பருவத்தை முடிக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. அலிக்விப்பா நம் கண்ணில் படுவதே அது அபூர்வம் என்பதால்தான். கவனித்தால் இன்னொரு வேறுபாடும் தெரியும். பஹோக்கி ஆடுவது சின்னப் பள்ளிகளுக்கான பிரிவில். அங்கே எதிரணியிலும் பெஞ்சு காலிதான். அதனால் இருபது அபாரமான பையன்கள் போதும். பெரிய பள்ளிகளின் பிரிவில் இருபது போதாது. ஏழை ஊர் தனி ஆட்டக்காரனை உருவாக்கிவிடும், சில சமயம் சின்னப் பிரிவில் கோப்பையையும் எடுத்துவிடும். ஆழமான அணி என்பது புறநகர்ச் சரக்கு.

தனியார் பள்ளிகள் இந்த வரைபடத்தையே குழப்பிவிடும். கலிஃபோர்னியாவில் மேட்டர் டேய், செயின்ட் ஜான் பாஸ்கோ என்ற இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகள் நாட்டிலேயே முதல் வரிசை அணிகள். கட்டணம் கட்டிப் படிக்கிற பள்ளிகள். ஆனால் தூரத்து ஊர்களிலிருந்தும், வசதியில்லாத வீடுகளிலிருந்தும் திறமைசாலிகள் உதவித்தொகையில் வந்து ஆடுவார்கள். பள்ளி இருக்கும் தெருவின் வருமானம் அங்கே எதையும் சொல்லாது. இந்தப் பள்ளிகளின் புள்ளிகளையும் அரசுப் பள்ளிகளோடு கலந்து வரைபடம் போட்டிருந்தால் அதை நம்ப நான் தயங்குவேன்.

அம்புக்குறி திரும்பியும் பாயும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பள்ளி ஜெயிக்கிறது என்று பேர் வந்தால், பையனை அங்கே ஆடவைக்க ஆசைப்படும் வசதியான குடும்பங்கள் அந்த எல்லைக்குள் வீடு தேடும். பிறகு பத்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தால் வருமானம் வெற்றியைத் தந்ததா, வெற்றி வருமானத்தை இழுத்து வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

இதெல்லாம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை, பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் இதை விதியாகவே ஆக்கிவிட்டன. எந்தப் பள்ளி எந்தப் பிரிவில் ஆடும் என்பதை மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மினசோட்டாவில் இலவச அல்லது சலுகைச் சாப்பாட்டுக்குத் தகுதியான மாணவர்களில் 40 சதவீதத்தைக் கழித்துவிட்டு எண்ணுகிறார்கள். 1,000 பேர் படிக்கும் பள்ளியில் 600 பேர் அந்தப் பட்டியலில் இருந்தால், 240 போக, பள்ளியின் அளவு 760 என்று கணக்கு. அதாவது, வறுமை ஆள் எண்ணிக்கையைத் தின்கிறது என்று சங்கமே ஒப்புக்கொள்கிறது. அயோவாவும் 2023 பருவத்திலிருந்து கால்பந்துக்கு இதே வழியில் போகிறது.

பென்சில்வேனியா வேறு கணக்குப் போட்டது. அங்கே தொடர்ந்து ஜெயிக்கிற அணியில் வெளியிலிருந்து மாறிவந்த ஆட்டக்காரர்களும் இருந்தால், அதை மேல் பிரிவுக்குத் தள்ளுவது விதி. அந்த வலையில் அலிக்விப்பாவும் மாட்டியது. மாணவர் எண்ணிக்கைப்படி ஆகச் சின்னப் பிரிவில் ஆடவேண்டிய பள்ளி, பல மடங்கு பெரிய பள்ளிகளோடு நான்காம் பிரிவில் ஆடவேண்டியதாயிற்று. 2021-ல் அந்தப் பிரிவின் கோப்பையை எடுத்தது. 2023-ல் மறுபடியும் எடுத்தது. இறுதி ஆட்டத்தில் ஸ்கோர் 60–14. அதற்கும் மேலே ஐந்தாம் பிரிவுக்குப் போ என்றார்கள். பள்ளி கோர்ட்டுக்குப் போயிற்று. பெரிய பள்ளிகளோடு மோதினால் எங்கள் பையன்களுக்கு அடிபடும், மாற்றி இறக்க எங்களிடம் ஆள் இல்லை என்பது அவர்கள் வாதம்.